பிளாஸ்டிக் ஃபைபரை வயர் மாதிரி நடத்தாதீர்கள்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ரீலாக வாங்கிவந்து, வீட்டு சீலிங்கில் நட்சத்திரம் பதிக்கவும் பீன்யா பட்டறைகளில் சென்சாருக்கு ஒளி கொண்டுபோகவும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் ஃபைபர், பார்வைக்கு வயர் போலத்தான் இருக்கும். சுருட்டலாம், பைப்புக்குள் இழுக்கலாம். அதனால் வயருக்கு எடுக்கும் அதே கருவிகளை இதற்கும் எடுத்துவிடுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

1 மி.மீ. ஃபைபரில் ஒளி ஓடுவது நடுவிலுள்ள 0.98 மி.மீ. அக்ரிலிக்கில். அதைச் சுற்றி வெறும் 10 மைக்ரான் தடிமனுக்கு ஃபுளோரின் கலந்த பிளாஸ்டிக் தோல். அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் 1.49, தோலுடையது சுமார் 1.40. இந்த வித்தியாசம்தான் ஒளியை உள்ளேயே திருப்பி அனுப்புகிறது. இந்தத் தோலுக்கும் மேலே இருக்கும் கறுப்பு உறையை உரிக்கும்போது ஸ்ட்ரிப்பர் பல் தோலில் பட்டால், அந்த இடத்தில் ஒளி வெளியே கசியும். பிறகு இழை அங்கேயே ஒடியும்.

அதிகம் நடக்கும் தவறு, கட்டிங் பிளேயரால் நறுக்குவது. அது வெட்டுவதில்லை, நசுக்குகிறது. ஒரு முனையை ஜன்னல் பக்கம் காட்டி, மறுமுனையை பூதக்கண்ணாடியில் பாருங்கள்: ஓரத்தில் பிறை வடிவில் கறுப்பாகத் தெரிந்தால் அது வெடிப்பு. புது பிளேடை எடுத்து, இழையைக் கெட்டியான பலகைமேல் வைத்து, நேர் செங்குத்தாக ஒரே அழுத்தாக அழுத்துங்கள். ரம்பம் போல இழுக்க வேண்டாம். சென்சார், டேட்டா வேலை என்றால் அதோடு நிறுத்தக் கூடாது. இழையை கனெக்டரில் செருகி நிமிர்த்திப் பிடித்து, கண்ணாடித் தட்டில் விரித்த 600 நம்பர் உப்புத்தாளில் எட்டு வடிவில் இருபது, இருபத்தைந்து சுற்று தேய்க்க வேண்டும். அடுத்து 3 மைக்ரான் பாலிஷ் ஃபிலிமில் அதே மாதிரி. எவ்வளவு பளபளப்பாக்கினாலும் ஒவ்வொரு முனையிலும் 4 சதவீதம் பிரதிபலித்துப் போகத்தான் செய்யும், தேய்த்து அதைத் தவிர்க்க முடியாது.

சீலிங்கில் தெரியும் முனைக்கு இத்தனை பாடு வேண்டாம். மறுமுனைகள் எல்லாம் சேர்ந்து, ஒளி தரும் லைட் பெட்டிக்குள் போகும் கட்டுதான் முக்கியம். எல்லா இழைகளையும் பித்தளை வளையத்தில் இறுக்கி, மொத்தமாக ஒரே மட்டத்துக்குத் தேய்க்க வேண்டும். உள்வாங்கிய இழையின் நட்சத்திரம் மங்கலாகத்தான் எரியும்.

ஓட்டையில் இழையை நிறுத்த ஃபெவிக்விக் மாதிரி உடனே பிடிக்கும் பசையை விடாதீர்கள். அக்ரிலிக்கில் மயிரிழை வெடிப்புகள் வந்து, தொட்டாலே முறியும். பலகையின் பின்பக்கம் ஒரு சொட்டு வெள்ளைப் பசை போதும். துடைக்க அசிட்டோன், தின்னர் இரண்டும் கூடாது.

வளைவில் 25 மி.மீ. ஆரத்துக்குக் கீழே போகாதீர்கள், ஒளி கசியும். கேபிள் டையை வயருக்கு இறுக்குவது போல இறுக்கினாலும் அதே சேதம்தான்.

சூடு வேறு விஷயம், இதற்குக் காரணம் தயாரிப்பிலேயே இருக்கிறது. உருகிய அக்ரிலிக்கையும் தோலையும் ஒன்றாக அச்சுத் துளை வழியே தள்ளி, பிறகு இழுத்து நீட்டுகிறார்கள். அந்த நீட்டலில் மூலக்கூறுகள் ஒரே திசையில் படிவதால்தான் இழை ஒடியாமல் வளைகிறது. 'வளைவு அப்படியே நிற்கட்டும்' என்று ஹீட் கன் காட்டினால் அந்த நீட்டல் கழன்றுபோகும்: இழை சுருங்கும், தடிக்கும், பிறகு மடக்கினால் ஒடியும். சாதாரண இழைக்கு 70 டிகிரியே எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஹாலஜன் பெட்டிகள் கட்டின் முனையையே உருக்கிவிடும், எல்.இ.டி. பெட்டியே நல்லது. தகரக் கூரையை ஒட்டியும் ஓட்ட வேண்டாம்.

கண்ணாடி ஃபைபருக்கான 1310 நானோமீட்டர் அகச்சிவப்பு டிரான்ஸ்மிட்டரை இதில் மாட்டிவிட்டு 'ஃபைபர் செத்துப்போச்சு' என்பவர்களும் உண்டு. அகச்சிவப்பை அக்ரிலிக்கே விழுங்கிவிடும். 650 நானோமீட்டர் சிவப்பு அல்லது 520 பச்சைதான் இதற்குச் சரி. சிவப்பிலும் மீட்டருக்கு சுமார் 0.15 டெசிபல் இழப்பு. 20 மீட்டரில் பாதி ஒளி போய்விடும். பச்சை அதைவிடக் குறைவாக இழப்பதால், நீள ஓட்டத்தில் வெள்ளை ஒளி பச்சை தட்டும். லைட் பெட்டியை அறையின் ஒரு மூலையில் வைத்தால் அருகில் உள்ள நட்சத்திரம் வெள்ளையாகவும் தூரத்தில் உள்ளது லேசாகப் பச்சை தட்டியும் தெரிவது இதனால்தான். பெட்டியை நடுவில், கை எட்டும் திறப்புக்குப் பக்கத்தில் வையுங்கள்.