மனநல மாத்திரை எடுப்பவருக்கு ஒரு கால் மட்டும் வீங்கினால்

முதலில் ஒன்று: அந்தக் காலில் எண்ணெய் போட்டுத் தடவக் கூடாது. நம்ம குமரி மாவட்டத்தில் கால் வலி என்றதும் ஆசானிடம் (வர்ம வைத்தியரிடம்) உழிச்சலுக்கு, அதாவது எண்ணெய் போட்டு உருவிவிட, கூட்டிப் போவது வழக்கம். சுளுக்குக்குப் போகலாம், இதற்கு வேண்டாம். உள்ளே இரத்தம் கட்டியிருந்தால், அழுத்தித் தடவும்போது கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளலாம். உயிருக்கே ஆபத்து.

குளோசபின், ஒலான்சபின், ரிஸ்பெரிடோன், குளோர்புரோமசின், ஹாலோபெரிடால் போன்ற மருந்துகளோடு இந்த ஆபத்து சேர்த்துப் பேசப்படுகிறது. தூக்கக் கலக்கத்தில் நாள் முழுக்கப் படுத்தே கிடப்பது, எடை கூடுவது, சிலருக்குப் புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறுவது எல்லாம் காரணமாகலாம். பிரிட்டனில் 2010-ல் வெளியான பெரிய ஆய்வில், 10,000 பேர் ஓராண்டு மருந்து எடுத்தால் சுமார் 4 பேருக்குக் கூடுதலாக இப்படி வந்தது தெரிந்தது. குறைவுதான். ஆனால் மருந்து தொடங்கிய முதல் 3 மாதம் ஆபத்து அதிகம்; வீட்டார் அப்போதுதான் கூர்ந்து பார்க்க வேண்டும்.

வீக்கத்தை அளக்கத் தையல் டேப் போதும். முட்டிச் சில்லுக்குக் கீழே முன்பக்கம் ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும். அதிலிருந்து 10 செ.மீ. கீழே, கெண்டைக்காலைச் சுற்றி இரண்டு காலையும் அளந்து பாருங்கள். 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அன்றைக்கே ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ டாப்ளர் ஸ்கேன் (இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன்) உள்ள வேறு ஆஸ்பத்திரிக்கோ போங்கள். வித்தியாசம் குறைவு, ஆனால் வலியும் சூடும் சிவப்பும் இருக்கிறது என்றாலும் போகத்தான் வேண்டும்.

திடீர் மூச்சுத் திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தல், இருமலில் இரத்தம், மயக்கம் என்றால் டேப்பைத் தேடாதீர்கள், 108-ஐ அழையுங்கள். "பழைய பதற்றம்தான், ஒரு தூக்க மாத்திரை கொடு" என்று வீட்டில் முடிவு கட்டுவதுதான் நாம் பயப்படும் தவறு. டாக்டரிடம் மனநோய் என்று மட்டும் சொல்லாமல், மருந்தின் பெயரையும் தொடங்கிய தேதியையும் சொல்லுங்கள்.

வராமல் தடுக்க: தண்ணீர் குறையக் கூடாது, பகலில் எழுந்து நடக்கவைக்க வேண்டும். சென்னைக்கு ராத்திரி பஸ் ஏறினால், நிறுத்தும் இடமெல்லாம் இறங்கி நடக்கட்டும். கருத்தடை மாத்திரையோ புகைப் பழக்கமோ இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

இரத்தக் கட்டி என்று உறுதியானால் இரத்தம் உறையாமலிருக்க மருந்து தருவார்கள். வலிப்புக்கும் மனநிலைக்கும் கொடுக்கும் கார்பமாசெபின், அந்த மருந்துகளில் சிலவற்றின் வேலையைக் குறைத்துவிடும். செர்ட்ரலின், ஃப்ளுவாக்செடின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் இரத்தக் கசிவைக் கூட்டும். அதனால் சித்த மருந்து உட்பட எல்லாச் சீட்டும் மாத்திரை அட்டையும் ஒரே பையில் கொண்டுபோங்கள்.

மனநல மருந்தை மட்டும் பயந்து நீங்களே நிறுத்திவிடாதீர்கள், நோய் திரும்பிவிடும். குளோசபின் 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவிலேயே மறுபடி கொடுக்கக் கூடாது. மனநல டாக்டர்தான் சின்ன அளவிலிருந்து திரும்ப ஏற்றுவார்.