வரப்போரப் புல்லில் கைவைக்கும் முன்

அறுவடை முடிந்ததும் வரப்பை மொட்டையடித்து, காய்ந்த புல்லுக்குத் தீ வைப்பது பல பேருக்குப் பழக்கம். பூச்சி அங்கேதான் ஒளிந்திருக்கும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பூச்சியைப் பிடித்துத் தின்னும் சிலந்தி, தரைவண்டு, பொறிவண்டு எல்லாமும் அங்கேதான் இருக்கின்றன. வயலில் பயிர் இல்லாதபோது அவை வேறு எங்கே போகும்? தீயில் அவை அழிந்துவிட்டால், அடுத்த பயிரில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி கேட்பாரில்லாமல் பெருகும்.

எருக்கஞ்செடியில் மஞ்சள் அசுவினி அப்பியிருந்தால் உடனே மருந்தடிப்பது இன்னொரு தவறு. அந்த அசுவினி எருக்கு, அரளி போன்ற பால் வடியும் செடிகளோடு சரி, நெல்லுக்கு வராது. கொஞ்சம் குனிந்து பாருங்கள். கூட்டத்தின் நடுவே சில மட்டும் பழுப்பாக உப்பி, காகிதம் போலக் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். முதுகில் வட்டமாக ஓட்டை இருந்தால், உள்ளே அதைத் தின்று வளர்ந்த ஒட்டுண்ணிக் குளவி வெளியேறிவிட்டது என்று அர்த்தம். பக்கத்தில் கறுப்பாக, குட்டி முதலை மாதிரி ஒன்று ஆறு காலில் ஊர்ந்தால் தயவுசெய்து நசுக்காதீர்கள். அது பொறிவண்டின் புழு. வண்டைத் தெரிந்தவர்கள்கூட புழுவை அடையாளம் தெரியாமல் கொன்றுவிடுகிறார்கள். எனக்கு மனசு பொறுக்காத தவறு இதுதான்.

‘வயலில் மட்டும் நல்ல பூச்சி இருந்தால் போதாதா?’ என்று கேட்பவர்களுக்கு கலிபோர்னியா திராட்சைத் தோட்டங்களின் கதையைச் சொல்லலாம். அங்கே திராட்சைத் தத்துப்பூச்சியின் முட்டைக்குள் அனாக்ரஸ் என்ற நுண்குளவி முட்டையிட்டு அதை அழிக்கிறது. ஆனால் குளிர்காலத்தில் தத்துப்பூச்சி முட்டையிடாது, வளர்ந்த பூச்சியாகவே காலம் தள்ளும். அப்போது குளவிக்குக் கைகொடுப்பது, ஓடைக்கரையில் தானாக முளைத்த பிளாக்பெர்ரிப் புதரில் வாழும் வேறொரு தத்துப்பூச்சியின் முட்டைகள். புதரை வெட்டினால் குளவியும் போச்சு.

பூக்களை மறப்பதும் தவறுதான். குளவியின் குஞ்சுக்குத்தான் பூச்சி உணவு, தாய்க்குத் தேன் வேண்டும். அதன் வாய் குட்டை என்பதால் கொத்தமல்லி மாதிரித் திறந்த சின்னப் பூக்களே அதற்குத் தோது. நீளக் குழல் பூ அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

அதற்காக எல்லாக் களையையும் அப்படியே விட்டுவிடலாம் என்று சொல்லவில்லை. பருத்திக்கோ வெண்டைக்கோ பக்கத்தில் துத்தியையும் பார்த்தீனியத்தையும் வளரவிட்டால் மாவுப்பூச்சி அங்கிருந்து பயிருக்கு ஏறும். அவற்றை மட்டும் பிடுங்குங்கள். மற்றதை வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் ஒரு பாதியை இப்போது வெட்டி, அது துளிர்த்த பிறகு மறுபாதியில் கை வையுங்கள். அப்புறம், காற்று வரப்புப் பக்கம் வீசும்போது வயலுக்கு மருந்து அடிக்காதீர்கள். அரை மில்லிமீட்டர் குளவிக்கு அந்தச் சாரலே போதும்.