பஸ் ஸ்டாப்பை இரவில் நடந்து பாருங்கள்

எங்கள் தெருமுனை பஸ் ஸ்டாப் இருட்டாக இருக்கிறது என்று மூன்று வருஷம் புலம்பினோம். இரவில் நேரில் நடந்து, குறைகளைக் கணக்கெடுத்துக் காட்டிய பிறகுதான் வேலை நடந்தது. 1989இல் கனடாவின் டொரோண்டோவில் பெண்களுக்காக உருவான பாதுகாப்புத் தணிக்கை முறைதான் இது, சென்னைக்கும் பொருந்துகிறது.

ஐந்தாறு பேர் போதும். கல்லூரி மாணவி, பூக்கார அக்கா, கைத்தடி ஊன்றும் தாத்தா என்று கலந்து இருக்கட்டும். பகலில் போய்ப் பயனில்லை, இரவு எட்டரைக்குப் போங்கள். ஸ்டாப்பில் நின்றுகொண்டு, இருபதடி தள்ளி நிற்பவரின் முகம் தெரிகிறதா என்று பாருங்கள். எங்களுக்குச் சட்டை நிறம்கூடத் தெரியவில்லை. விளக்கு என்னவோ எரிந்துகொண்டுதான் இருந்தது, வேப்பங்கிளை மறைத்திருந்தது! அதைக் காட்டியது பூக்கார அக்காதான்.

அப்புறம் மனு. கம்பத்தின் எண், நேரம், போட்டோ மூன்றும் வேண்டும். விளக்கும் மரமும் மாநகராட்சிக்கு. பஸ் நிற்காமல் போவது போக்குவரத்துக் கழகத்துக்கு. ஒரே தாளில் எழுதினால் ஆளுக்கு ஆள் கைகாட்டுவார்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். பதினைந்து நாள் கழித்து, அதே நேரத்தில் மறுபடி நடங்கள்.

நடக்கும்போதே யாராவது தொல்லை கொடுத்தால் தணிக்கையை விட்டுவிட்டு 112ஐ அழையுங்கள். பெண்களுக்கு 181ம் உண்டு.