சென்னையில வயக்காட்டு வாக்கிங்: புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

மாடித்தோட்டம் பத்தி வீடியோ கொட்டிக் கெடக்கு, அது வேற கதை. இது சிட்டி ஓரத்துல இன்னமும் நெல்லும் கீரையும் போடுற இடங்களை நடந்தே பார்த்து நோட்ஸ் எடுக்குறது. முதல் தடவைன்னா குன்றத்தூர் போங்க, செம்பரம்பாக்கம் ஏரி பக்கத்துலயே இருக்கு.

ஸ்டெப் 1: கம்ப்யூட்டர்ல கூகுள் எர்த் போட்டு பழைய வருஷத்து படங்களை ஒவ்வொண்ணா நகர்த்திப் பாருங்க, பச்சை எங்க முடிஞ்சு வீடு ஆரம்பிக்குதோ அந்த ஓரத்துல ஒரு கிலோமீட்டர் போதும், முழு ஏரியாவையும் ஒரே நாள்ல முடிக்கணும்னு கெளம்பாதீங்க.

ஸ்டெப் 2 தான் மெயின். வயலைத் தேடாதீங்க, தண்ணியைப் புடிங்க. செம்பரம்பாக்கம் 24 அடி ஏரி, 3,645 மில்லியன் கன அடி புடிக்கும், நமக்கு அது குடிதண்ணி ஏரி, ஆனா அதுக்கு முன்னாடியே அது பாசன ஏரி. கரையில மதகு (ஏரித் தண்ணியைத் தொறந்து விடுற கதவு), மதகுலேர்ந்து கால்வாய், கால்வாயை ஒட்டி வயல், இதான் ரூட். (கரை மேல போகக்கூடாதுன்னு யாராவது நிறுத்தினா வாக்குவாதம் வேணாம், கீழ ரோட்லயே நடங்க.) போற வழியில கால்வாய் காஞ்சு பிளாஸ்டிக் கவரா கெடக்கும், அதை ஒட்டியே சிறுகீரை பாத்தி மட்டும் பளபளன்னு நிக்கும், அப்ப எங்கயோ போர் மோட்டார் ஓடுதுன்னு அர்த்தம், சத்தம் வர்ற பக்கம் திரும்பிப் பாருங்க. நெல்லு அறுத்த தாள் நடுவுல மஞ்ச பெயின்ட் அடிச்ச பிளாட் கல் நட்டிருந்தா அதையும் போட்டோ எடுத்துக்கங்க.

ஸ்டெப் 3: பேசுறது. காலைல சீக்கிரம் போங்க, வெயில் ஏறிட்டா ஆள் இருக்க மாட்டாங்க. எடுத்தவுடனே "எத்தனை ஏக்கர், யாரோடது"ன்னு கேட்டீங்கன்னா புரோக்கர்னு நெனச்சுடுவாங்க, பேச்சு அங்கயே கட். "அண்ணா, தண்ணி எங்கேர்ந்துண்ணா வருது?"ன்னு ஆரம்பிங்க, அவரே மோட்டார், கரண்ட், கோயம்பேடு மார்க்கெட் வெலைன்னு கொட்டுவாரு. சொந்தமா குத்தகையாங்கறதை கடைசில கேளுங்க. பாத்தியை மிதிக்காதீங்க, வரப்புல மட்டும் நடங்க.

ஸ்டெப் 4: நோட்ல தேதி, லொக்கேஷன், பயிர், தண்ணி, பக்கத்துல என்ன இருக்கு, அவ்ளோதான். சர்வே நம்பர் கெடைச்சா அரசு இ-சேவை சைட்ல அ-பதிவேடு (நில விவரம் எழுதி வெச்ச அரசுப் பதிவு) பாருங்க, நன்செய்யா (பாசன நிலம்) புன்செய்யான்னு (மேட்டு நிலம்) இருக்கும். பேரு, நம்பர் எதையும் வெளிய போடாதீங்க.

அப்புறம் அதே ரூட்ல திரும்பப் போகணும். முளைக்கீரை ஒரு மாசத்துக்குள்ள பறிச்சுடுவாங்க, அதனால அடுத்த மாசமே பாத்தி மாறியிருக்கும். நெல்லுக்கு நவரைப் பட்டம் டிசம்பர்-ஜனவரி, சொர்ணவாரிப் பட்டம் ஏப்ரல்-மே, அந்த டைம்ல போனா நடவைப் பார்க்கலாம்.