லிங்க்ட்இனில் முன்பின் தெரியாதவர் அழைத்தால் என்ன செய்வது?

வேலைத் தொடர்புகளுக்கான சமூக வலைத்தளமான லிங்க்ட்இனில் கணக்கு தொடங்கிய கொஞ்ச நாளிலேயே, யாரென்றே தெரியாத ஒருவர் உங்களோடு இணைய விரும்புவதாக அறிவிப்பு வரும். மறுத்தால் மரியாதையாக இருக்காதே என்று புதியவர்கள் பலர் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்கிறார்கள். இன்னும் சிலர் பயந்துபோய் எல்லாவற்றையும் தள்ளிவிடுகிறார்கள். இரண்டுமே வேண்டாம். அந்த அழைப்புகளில் ஒன்று உங்களுக்கு வேலை வாங்கித் தரலாம், இன்னொன்று உங்கள் பணத்தைக் குறிவைத்திருக்கலாம். பிரித்துப் பார்க்கச் சில நிமிடங்கள் போதும்.

'அக்செப்ட்' அழுத்தினால் என்ன ஆகிறது?

அந்த நபர் உங்கள் நேரடி வட்டத்துக்குள் வந்துவிடுகிறார். இனி எப்போது வேண்டுமானாலும் அவர் உங்களுக்குச் செய்தி அனுப்பலாம். நீங்கள் மறைத்து வைக்காவிட்டால், உங்கள் தொடர்புகளின் பட்டியலையும் பார்க்கலாம்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அவர் அடுத்து உங்கள் நண்பருக்கு அழைப்பு அனுப்பும்போது, அங்கே பொதுவான தொடர்பாக உங்கள் பெயர் தெரியும். 'இவருக்குத் தெரிந்தவர் என்றால் சரிதான்' என்று நண்பரும் ஏற்றுக்கொள்வார். நீங்கள் யோசிக்காமல் அழுத்திய ஒரு பொத்தான், அவருக்கு நற்சான்றாக மாறிவிடுகிறது. அதனால்தான் பொதுவான நண்பர்கள் எத்தனை பேர் என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள் என்கிறேன்.

படி 1: பெயரைத் தொட்டுப் புரொஃபைலைப் படியுங்கள்

இன்றே பதில் சொல்லியாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நிதானமாகப் படியுங்கள். முதலில் அவர் சொல்லும் அனுபவ ஆண்டுகள் பொருந்துகின்றனவா என்று கூட்டிப் பாருங்கள்.

2009 கடைசியில் தாமஸ் ரயான் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், 'ராபின் சேஜ்' என்ற பெயரில் இல்லாத ஒரு பெண்ணைச் சமூக வலைத்தளங்களில் உருவாக்கினார். வயது 25, கணினிப் பாதுகாப்பில் அனுபவம் 10 ஆண்டுகள். அப்படியானால் 15 வயதிலேயே வேலைக்குச் சேர்ந்திருக்க வேண்டும்! அமெரிக்க ராணுவத்தையும் பாதுகாப்புத் துறையையும் சேர்ந்த பலரே அதைக் கவனிக்காமல் அவரோடு இணைந்தார்கள். பெயரிலும் துப்பு இருந்தது: ராபின் சேஜ் என்பது அமெரிக்க ராணுவப் பயிற்சி ஒன்றின் பெயர். ரயான் இந்தச் சோதனையை 2010-இல் பிளாக் ஹாட் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் விவரித்தார்.

அப்புறம் படம். 2019-இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 'கேட்டி ஜோன்ஸ்' என்ற லிங்க்ட்இன் கணக்கைப் பற்றி எழுதியது. வாஷிங்டனில் ஆய்வு நிறுவனம் ஒன்றில் வேலை என்று போட்டிருந்த அந்தக் கணக்கின் முகம், செயற்கை நுண்ணறிவு வரைந்தது என்று நிபுணர்கள் கருதினார்கள். அந்தக் காலத்துப் போலி முகங்களில் காதணிகள் ஜோடி சேராது, பின்னணி கலங்கியிருக்கும். இன்றைய கருவிகள் அந்தப் பிழைகளைப் பெரும்பாலும் செய்வதில்லை. எனவே படம் இயல்பாக இருக்கிறது என்பதே சான்று ஆகாது. படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். அதே படம் வேறு பெயரில் வந்தால், அதோடு விஷயம் முடிந்தது.

புரொஃபைலில் உள்ள 'மோர்' பொத்தானுக்குள் 'அபௌட் திஸ் புரொஃபைல்' என்று ஒன்று இருக்கும். கணக்கு எப்போது தொடங்கப்பட்டது என்று அது காட்டும். போன மாதம் தொடங்கிய கணக்கில் இருபது ஆண்டு அனுபவம் இருந்தால் கூடுதலாக விசாரியுங்கள். ஆனால் புதிய கணக்கு என்பதற்காக மட்டும் ஒதுக்காதீர்கள். உங்கள் கணக்கும் புதியதுதானே.

படி 2: சந்தேகம் இருந்தால் கேளுங்கள்

ஏற்காமலேயே பதில் அனுப்பும் வசதி, அழைப்பின் பக்கத்திலேயே பெரும்பாலும் இருக்கும். இப்படி எழுதலாம்:

"வணக்கம். உங்கள் அழைப்பைப் பார்த்தேன், நன்றி. நாம் முன்பு பேசியிருக்கிறோமா? எது தொடர்பாக இணைய விரும்புகிறீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்."

உண்மையான ஆள் என்றால் உங்கள் துறை, உங்கள் பதிவு, தெரிந்த ஒருவர் என்று குறிப்பாக ஏதாவது சொல்வார். யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பக்கூடிய பொதுவான புகழ்ச்சி வந்தால் காத்திருங்கள். பொதுவான நண்பர் இருந்தால், "இவரை உங்களுக்கு நேரில் தெரியுமா?" என்று அவரிடம் கேட்டுவிடுங்கள்.

படி 3: முடிவெடுங்கள்

'இக்னோர்' அழுத்தினால் அனுப்பியவருக்கு எந்த அறிவிப்பும் போகாது. எனவே சங்கடப்பட வேண்டாம். அவர் எழுதுவது பிடித்திருக்கிறது, ஆனால் இணையத் தயக்கம் என்றால் 'ஃபாலோ' மட்டும் செய்யலாம். போலி என்று உறுதியாகத் தெரிந்தால் 'ரிப்போர்ட்' செய்யுங்கள், அடுத்தவராவது தப்பிப்பார். ஏற்றபிறகு மனம் மாறினாலும் நீக்கிவிடலாம். நீக்கியதும் அவருக்கு அறிவிக்கப்படாது.

படி 4: ஏற்றபிறகும் கவனம்

ஏமாற்று பெரும்பாலும் இதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது. 2022-இல் 'ஆக்ஸி இன்ஃபினிட்டி' என்ற இணைய விளையாட்டின் கிரிப்டோ பரிமாற்றங்களுக்கான ரோனின் வலையமைப்பிலிருந்து 60 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள கிரிப்டோ நாணயம் திருடு போனது. வட கொரியாவோடு தொடர்புள்ள லாசரஸ் என்ற ஹேக்கர் குழுதான் காரணம் என்று அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ அறிவித்தது. லிங்க்ட்இன் வழியே வந்த பொய்யான வேலைவாய்ப்பை நம்பி, அந்த விளையாட்டு நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் பிடிஎஃப் கோப்பைத் திறந்ததில்தான் அது தொடங்கியது என்று பின்னர் செய்தி வெளியானது. பொறியாளருக்கே இந்த நிலை.

ஆகவே வேலை தருகிறேன் என்று வருபவர் கோப்பு அனுப்பினால் உடனே திறக்காதீர்கள். அந்த நிறுவனத்தின் இணைய முகவரியை நீங்களே தட்டச்சு செய்து, அங்கே அந்த வேலை இருக்கிறதா என்று பாருங்கள். பேச ஆரம்பித்த உடனேயே வாட்ஸ்அப்புக்கோ டெலிகிராமுக்கோ வரச் சொல்வது, பயிற்சிக் கட்டணம் கேட்பது, முதலீடு பற்றிப் பேசுவது ஆகியவற்றில் எது வந்தாலும் பேச்சை நிறுத்திவிடுங்கள்.

படி 5: அமைப்புகளை ஒருமுறை சரிசெய்யுங்கள்

'செட்டிங்ஸ்' பகுதியில் தனியுரிமைக்கான இடத்துக்குப் போனால், உங்கள் தொடர்புப் பட்டியலையும் மின்னஞ்சல் முகவரியையும் யார் பார்க்கலாம் என்பதை மாற்றலாம். பட்டியலை மறைத்துவிடுங்கள். உங்களுக்கு நஷ்டமில்லை, உங்கள் நண்பர்களுக்குப் பாதுகாப்பு. அழைப்புத் தொல்லை அதிகமானால், உங்கள் மின்னஞ்சல் தெரிந்தவர்கள் மட்டுமே அழைப்பு அனுப்பும்படியும் வைக்கலாம். வேலை தேடும் காலத்தில் மட்டும் அப்படி வைக்காதீர்கள். உங்களைத் தேடிவரும் உண்மையான ஆள்சேர்ப்பாளராலும் அப்போது அழைப்பு அனுப்ப முடியாது.