மேளம் இல்லாத ராப்பைக் கேட்பது எப்படி

2020இல் வந்த ‘த பிரைஸ் ஆஃப் டீ இன் சைனா’ (சீனாவில் தேயிலை விலை) என்ற ராப் ஆல்பத்தை நான் இறக்கியதே பெயருக்காகத்தான். இலங்கை மலையகத்தில், கொட்டகலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவன் தேயிலை விலை என்றால் விடுவானா? கேட்டால், கொழுந்தும் இல்லை, ஃபேக்டரியும் இல்லை. சம்பந்தமில்லாமல் பேசுபவரை மடக்க, ‘இதுக்கும் சீனாவில் தேயிலை விலைக்கும் என்ன சம்பந்தம்?’ என்று ஆங்கிலத்தில் கேட்பார்களாம். நம்முடைய மொட்டைத்தலை, முழங்கால் முடிச்சுதான். ராப்பர் போல்டி ஜேம்ஸ் சொல்வது அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரக் கதை, இசையமைப்பு முழுக்க அல்கெமிஸ்ட். ஆனாலும் புதிதாகக் கேட்பவருக்கு இதைத்தான் முதலில் கொடுப்பேன். குரல் ஏறாது, இறங்காது. தலை தானாக ஆடும்.

அடுத்த ராப்பர் ‘கா’. அதுதான் அவர் பெயர். நியூயார்க்கில் தீயணைப்புப் படை கேப்டனாக இருந்தவர், 2024இல் காலமானார். அவருடைய ‘டிசெண்டன்ட்ஸ் ஆஃப் கெய்ன்’ (2020) பைபிளில் வரும் காயீன், ஆபேல் கதையைத் தான் வளர்ந்த பிரவுன்ஸ்வில் தெருவில் வைத்துச் சொல்கிறது. மேளம் பெரும்பாலும் இருக்காது. தோட்டத்தில் வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டுத் தப்பு அடித்த என் தாத்தா இரண்டு பாட்டு கேட்டுவிட்டு, “மேளத்த எங்கடா விட்டுட்டு வந்தான்?” என்றார். சரியான கேள்வி. அடி இல்லாத இடத்தில் குரலே தாளத்தைச் சுமக்க வேண்டும். அதனால் இதை பஸ்ஸில் கேட்காதீர்கள். டிரைவர் போடும் பாட்டு விழுங்கிவிடும். இரவில், லயம் அடங்கிய பிறகு கேளுங்கள். கடைசிப் பாட்டிலிருந்து தொடங்கினாலும் தப்பில்லை. அதில் மனைவி, அம்மா, நண்பன் என்று மூவரிடம் பேசுகிறார். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தாலும் அது புரியும்.

பில்லி வுட்ஸின் ‘ஈத்தியோப்ஸ்’ (2022) கடினம். முதல் தடவை வரிகளைப் பார்க்காதீர்கள், இசையமைப்பாளர் பிரிசர்வேஷனின் இசையை மட்டும் கேளுங்கள். அப்புறம் ஜீனியஸ் தளத்தில் வரிகளைத் திறந்து ஒரே ஒரு பாட்டை எடுங்கள். நான் எடுத்தது முதல் பாட்டு ‘அசைலம்’. எத்தியோப்பியாவை ஆண்ட மெங்கிஸ்டு 1991இல் ஜிம்பாப்வேக்குத் தப்பி ஓடினார் அல்லவா, அவர்தான் பக்கத்து வீட்டில் இருக்கிறாரோ என்று சந்தேகப்படுவதில் அது தொடங்குகிறது. வுட்ஸ் சிறுவயதில் ஜிம்பாப்வேயில் வளர்ந்தவர். இது தெரிந்ததும் அதே பாட்டு வேறு பாட்டாகிவிட்டது.

மேக்-ஹோமியின் ‘பிரே ஃபார் ஹெய்ட்டி’யில் (2021) ஹெய்ட்டி கிரியோலும் கலந்து வரும். புரியாவிட்டால் விடுங்கள், ஓசை போதும்.

ரயிலில் கேட்பதென்றால் முன்கூட்டியே இறக்கி வையுங்கள். சிங்கமலைச் சுரங்கத்துக்குள் சிக்னல் தேடிப் பயனில்லை. பாட்டு விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் கேட்டுப் பார்த்துப் பிடித்தால் வாங்கலாம். என்னிடம் கார்டு இல்லை. கொழும்பில் வேலை செய்யும் அக்காவின் கார்டில்தான் ‘ஈத்தியோப்ஸ்’ வாங்கினேன். வுட்ஸ் படங்களில் முகத்தை மறைப்பவர். அக்கா அவர் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “மூஞ்சியே காட்டாத ஆளுக்கா தம்பி என் காசக் குடுத்த?”