லாஹௌல்–ஸ்பிதி: குளிரை மட்டும் பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல்–ஸ்பிதி மாவட்டத்தைப் பற்றி நம் பக்கம் எழுதப்படுவதெல்லாம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது: பனி, மைனஸ் 25 டிகிரி, புத்த மடாலயம், ஆளில்லாத மலை. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் இதைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். பைக்கில் கிளம்புகிறவர்களும் இதை நம்பித்தான் கிளம்புகிறார்கள். குளிர் உண்மைதான். ஆனால் அங்கே பயிர் செய்து பிழைப்பவர்களின் பெரிய கவலை தண்ணீர். அதை விட்டுவிட்டால் அந்த மாவட்டம் பிடிபடாது.

முதலில், லாஹௌல், ஸ்பிதி என்ற இரண்டு பள்ளத்தாக்குகளை ஒன்றாக நினைத்துவிடுவது. லாஹௌலில் சந்திரா, பாகா என்ற இரண்டு ஆறுகள் தாண்டியில் கலந்து செனாப் ஆகின்றன. ஸ்பிதி ஆறோ எதிர்ப்பக்கம் ஓடி, கின்னௌர் மாவட்டத்துக்குள் போய் சட்லெஜில் சேர்கிறது. நடுவே 4,551 மீட்டர் உயரத்தில் குன்சும் கணவாய். பனி விழுந்ததும் அது பல மாதங்களுக்கு மூடிவிடும். மாவட்டத் தலைநகர் கீலாங் லாஹௌலில் இருக்கிறது. ஸ்பிதியின் முக்கிய ஊரான காசாவிலிருந்து குளிர்காலத்தில் அங்கே போக வேண்டுமானால் கின்னௌர் வழியாக இறங்கி, பாதி மாநிலத்தைச் சுற்றிக்கொண்டு, மணாலி ஏறித்தான் வர வேண்டும். 2020 அக்டோபரில் மணாலிப் பக்கத்தை லாஹௌலோடு இணைக்கும் 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கம் திறந்தபோது ‘மாவட்டமே இனி ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும்’ என்று பலர் எழுதினார்கள். அதனால் பலன் பெற்றது லாஹௌல். குன்சுமுக்கு அந்தச் சுரங்கம் ஒன்றும் செய்யவில்லை.

இன்னொன்று, பனி இருக்கிற இடத்தில் தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்ற எண்ணம். பீர் பஞ்சால் மலைத்தொடர் பருவமழை மேகங்களைத் தெற்கிலேயே நிறுத்திவிடுகிறது. அந்தத் தடுப்புக்குப் பின்னால் இருப்பது குளிர் பாலைவனம். கோடையில் வயலுக்குப் பாய்வது மழைநீர் கிடையாது, குளிர்காலத்தில் விழுந்த பனியும் பனியாறுகளும் உருகி வரும் நீர். மேலே பனி உருகும் இடத்திலிருந்து மலைச்சரிவை ஒட்டிக் கால்வாய் வெட்டிக் கொண்டுவருகிறார்கள். அந்தக் கால்வாயைக் ‘கூல்’ என்பார்கள். ஸ்பிதி கிராமங்களில் இந்தக் கால்வாய் ஊருக்கு மேலே உள்ள ஒரு குளத்தில் முடியும். இரவெல்லாம் அதன் வாயை அடைத்து நீரைத் தேக்கி, காலையில் திறந்து, முறைவைத்துப் பாய்ச்சுவார்கள். வசந்தத்தில் வயல்மேல் பனி கிடந்து விதைப்பு தள்ளிப்போனால் அதன்மேல் மண்ணைத் தூவிவிடும் வழக்கமும் இந்தப் பக்கம் உண்டு. கறுத்த மண் வெயிலை வாங்கிக்கொள்ளும், பனி சீக்கிரம் கரையும். ஆகவே ஒரு குளிர்காலத்தில் பனி குறைவாக விழுந்தால் சுற்றுலாப் பயணிக்கு அது ‘நல்ல பருவநிலை’. ஊர்க்காரர்களுக்கோ ஜூன், ஜூலையில் கால்வாய் வறளப் போகிறது என்ற பயம். இந்த இடத்தைத்தான் நாம் தலைகீழாகப் புரிந்துகொள்கிறோம்.

‘இவ்வளவு குளிரில் என்ன விளையும், ஏழை மாவட்டமாகத்தான் இருக்கும்’ என்று முடிவுகட்டுவதும் தவறு. லாஹௌலின் பெயர் பெற்ற விளைபொருள் விதை உருளைக்கிழங்கு. உருளைக்கு வைரஸ் நோயைப் பரப்புவது அசுவினிப் பூச்சி. குளிர்ந்த வறண்ட உயரத்தில் அது குறைவு. அதனால் அங்கே விளையும் கிழங்கு விதைக்கு ஏற்றது, சமவெளி மாநிலங்களுக்கு விற்பனையாகிறது. அதாவது, பலவீனம் என்று நாம் நினைக்கும் குளிர்தான் அந்த விவசாயியின் மூலதனம். விற்பனையை இடைத்தரகர்களிடம் விடாமல், 1966-லேயே உருளை விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். ஸ்பிதியில் இதே இடம் பச்சைப் பட்டாணிக்கு. சமவெளியில் பட்டாணிப் பருவம் முடிந்த பிறகு இங்கே அறுவடை, அதனால் நல்ல விலை. காலிஃபிளவர், ஆப்பிள், சீபக்தார்ன் என்ற முட்புதர்ப் பழம் எல்லாம் அப்புறம். ஆண்டுக்கு ஒரு போகம்தான். அந்த ஒரு போகத்துக்குத் தண்ணீர் வராவிட்டால் அடுத்த கோடை வரை வேறு வழியில்லை.

பெருங்காயம் பற்றியும் சொல்ல வேண்டும், அது நம் சாம்பாரோடு சம்பந்தப்பட்டது. 2020 அக்டோபரில் லாஹௌலின் குவாரிங் கிராமத்தில் இமாச்சலத்தின் பாலம்பூரில் உள்ள அரசு ஆய்வு நிறுவனத்தார் பெருங்காயச் செடியை நட்டார்கள். விதை ஈரானிலிருந்து வந்தது. உடனே ‘இனி இறக்குமதி வேண்டாம்’ என்று செய்தி பரவியது. ஆனால் செடி நட்டு, பெருங்காயமாகும் பாலை எடுக்கவே சுமார் ஐந்து ஆண்டுகள் ஆகும். நம் அடுப்படிக்கு வரும் பெருங்காயத்தின் மூலப்பொருள் ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தான் பக்கமிருந்து வருவதுதான்.

2011 கணக்கெடுப்பில் மாவட்ட மக்கள்தொகை 31,564. பரப்பு 13,800 சதுர கிலோமீட்டருக்கு மேல். சதுர கிலோமீட்டருக்கு 2 பேர். இதைப் படித்துவிட்டு ‘காலி நிலம்’ என்று எழுதாதீர்கள். பெரும்பகுதி பாறையும் பனியும். சாகுபடி நிலம் கால்வாய் எட்டும் அளவுக்குத்தான். மேலே இருக்கும் புல்வெளிகள் மேய்ச்சலுக்கு வேண்டும்.

பயணம் போகிறவர்கள் அடிக்கடி செய்யும் தவறு, மணாலியில் இரவு தங்கிவிட்டு மறுநாளே சந்திரதால் ஏரிக்கு ஏறுவது. 2,000 மீட்டரிலிருந்து ஒரே நாளில் 4,300-க்கு. தலைவலி, வாந்தி என்று ஆரம்பித்தால் பொறுத்துப் பார்க்காமல் கீழே இறங்க வேண்டும். உயரம் பழகாதவர்கள் சிம்லா, கின்னௌர் வழியாக மெதுவாக ஏறுவது நல்லது. மணாலியிலிருந்து குன்சும் பக்கம் போகும் வழியில் உள்ள கிராம்ஃபூ–பாதல் சாலையில் ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். வெயில் ஏற ஏற மேலே பனி உருகி, மதியத்துக்கு மேல் அதே ஓடையில் நீர் இரு மடங்காகக்கூட வரும். தங்கும் இடத்தில் வாளி வாளியாக வெந்நீர் கேட்காதீர்கள். அதுவும் வயலுக்குப் போகும் அதே தண்ணீர்தான்.